மாமாவின் நாலாவது ஓய்வு

என் மாமனார் இதுவரை மூன்று முறை ஓய்வு பெற்றிருக்கிறார். மூன்று முறையும் கேக் வெட்டினோம். மூன்று முறையும் கண்கலங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். முதல் ஓய்வு ஒரு வாரம் தாங்கியது. இரண்டாவது முறை, கேக் சாப்பிட்ட கையைக் கழுவுவதற்குள் ஒரு போன் வர, "சும்மா போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். மூன்றாவது முறை கேக் கடைக்காரரே "மறுபடியுமா?" என்று கேட்டார். மேலே எழுத்து எதுவும் எழுதாமல் வெறும் கேக்காகக் கொடுத்தார். பிறந்தநாள் என்று சொல்லிக்கொள்ளவும் ஆகுமாம்.

மாமா பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர். வயது எழுபத்தெட்டு. ஒரு பியானோவுக்குள் இருநூறு கம்பிகளுக்கு மேல் இழுத்துக் கட்டியிருக்கிறது. ஈரம் பட்டால் ஒரு மாதிரி, வெயில் பட்டால் ஒரு மாதிரி என்று அவை இஷ்டத்துக்கு நழுவும். ஒவ்வொரு கம்பியும் ஓர் இரும்பு ஆணியில் சுற்றியிருக்கும். அந்த ஆணியில் நீளமான சாவியை மாட்டி, மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, கம்பியை அதற்குரிய இடத்தில் உட்கார வைக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். ஒரே கட்டையை டிங் டிங் டிங் என்று அரை மணி நேரம் தட்டுவார். நமக்குக் கிறுக்குப் பிடித்துவிடும், அவருக்கு முகம் மலரும்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் அந்தப் பாக்கியம் எனக்குத்தான். ஏனென்றால் மாமாவின் கையிலிருந்து கார் சாவியை என் கணவர் பிடுங்கிவிட்டார். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கண்ணாடியைப் பார்க்கத் தேவையில்லை, சத்தத்தை வைத்தே எல்லாம் தெரிந்துவிடும் என்பது மாமாவின் கொள்கை. பூந்தொட்டிகள் சத்தம் போடுவதில்லை என்பது ஒரு கடையின் வாசலில் அவருக்குத் தெரிய வந்தது. அன்றிலிருந்து நான் ஓட்டுநர். மத்தியானத்துக்கு மேல்தான் எனக்கு வேலை, ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை. காலைப் பொழுது முழுக்க மாமாவுக்கு.

ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் மாமா மனிதர்களைப் பார்க்க மாட்டார். நேரே பியானோவிடம் போவார். நடுவிலுள்ள ஒரு கட்டையை அழுத்தி, தலையைச் சாய்த்துக் கேட்பார். அந்த ஒரு சத்தத்திலேயே அந்த வீட்டில் ஜன்னலை யார் மூடாமல் விடுகிறார்கள், எந்தப் பிள்ளை கோபத்தில் எந்தப் பக்கம் குத்துகிறது எல்லாம் தெரிந்துவிடுமாம். எனக்கு டிங் என்று மட்டும்தான் கேட்கும். என்னைப் பொறுத்தவரை எல்லாச் சுரமும் ஒன்றுதான், சிலது ஒல்லி, சிலது குண்டு. பிறகு பலகையைக் கழற்றுவார். உள்ளேயிருந்து கொண்டை ஊசி, பென்சில், ஸ்பூன், பாதி கடித்த பிஸ்கட் என்று வரிசையாக வெளியே வரும். ஒரு வீட்டில் பெரியவர் ஒருவரின் பல் செட் கிடைத்தது. அன்றைக்கு மட்டும் நான் நிபுணர்.

மாமாவுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, ஒன்றே ஒன்று என்று என் மாமியாரான அத்தை சொல்வார். மளிகைக்கடைக்காரர், வானிலை அறிக்கை, என் சாம்பார் எல்லாவற்றையும் குறை சொல்கிற வாய், சக தொழில்காரர் என்றால் பூட்டிக்கொள்ளும். முந்தி வந்துபோனவர் பியானோவைக் குதறி வைத்திருந்தாலும், "கொஞ்சம் அவசரத்துல பண்ணியிருக்கார், பாவம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அவர் அகராதியில் அதற்கு மேல் வசவு கிடையாது.

இப்படி ஊரிலுள்ள பியானோக்களையெல்லாம் பார்த்துப் பார்த்துச் சீராட்டும் மனிதர், சொந்த வீட்டுப் பியானோவை மட்டும் திரும்பிப் பார்ப்பதில்லை. இது எங்கள் குடும்பத்தின் நிரந்தரக் கேலி. எங்கள் வீட்டுக் கூடத்தில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், அத்தையின் பியானோ நிற்கிறது. கல்யாணமாகி வரும்போது பிறந்த வீட்டிலிருந்து அத்தை கொண்டுவந்தது. அதற்குச் சுருதி சேர்க்க வந்த பையனைத்தான் அத்தை கட்டிக்கொண்டார் என்று ஒரு கதை உண்டு. மாமா அதை மறுப்பதில்லை, அத்தை ஒப்புக்கொள்வதில்லை.

புல்லாங்குழல் வாசிக்கும் என் கணவரின் சித்தி மகன் ஒருமுறை எங்கள் பியானோவோடு சேர்ந்து ஊதப் பார்த்தான். நாலு வரி ஊதிவிட்டு முகத்தைச் சுளித்தான். "பெரியம்மா, இது எங்கேயோ தொங்கிக் கிடக்கு. ஒரு கட்டைக்கும் கீழ."

"உங்க பெரியப்பா கிட்ட சொல்லு. ஊரையெல்லாம் சுத்தறார், வீட்டுல இருக்கறது கண்ணுக்குத் தெரியல" என்றார் அத்தை.

மாமா செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் அத்தை அந்தப் பியானோவில்தான் தினமும் பாடுவார். குளித்துவிட்டு, தலையை உலர்த்திக்கொண்டே வந்து உட்கார்ந்து, பள்ளிக்கூட நாளில் மேடையேறிப் பாடிய அதே பாட்டைப் பாடுவார். படகுக்காரனுக்காகக் கரையில் காத்திருக்கும் ஒரு பெண்ணின் பாட்டு. மூன்றாவது வரியில் அவள் அவன் பெயரைக் கூப்பிடுவாள். அந்த இடத்தில் குரல் ஏணி வைத்து ஏறும். அத்தை கண்ணை மூடிக்கொண்டு ஏறிவிடுவார். இறங்கி வந்ததும் எங்களை ஒரு பார்வை பார்ப்பார். "இருபது வயசுல எந்தக் கட்டையில பாடினேனோ, அதே கட்டை. ஒரு விரல் மாத்தல. கேட்டுக்கோ" என்பார். எழுபத்துநாலு வயது. முட்டி வலி உண்டு, இரத்த அழுத்தம் உண்டு, மறதி உண்டு. குரலுக்கு மட்டும் வயதாகவில்லை என்பது அத்தையின் பெருமை. அந்தப் பெருமையில்தான் அவர் மாடிப்படி ஏறுவது, கடைக்குப் போவது, என்னோடு சண்டை போடுவது எல்லாமே நடந்தன.

வேறு எந்த வீட்டுப் பியானோவும் அத்தைக்கு ஆகாது. அவருடைய அக்கா வீட்டுப் பியானோ கிறீச்சிடுகிறது. பள்ளிக்கூடத்துப் பியானோ அலறுகிறது. "எல்லா வீட்டுலயும் போய் இழுத்து இழுத்துக் கட்டிக் கத்த வச்சிருக்கீங்க, மனுஷங்க பாட வேண்டாமா?" என்று மாமாவைப் பிடித்துத் திட்டுவார். மாமா, "ஆமாமா, கொஞ்சம் இழுத்துட்டேன்போல" என்று ஒப்புக்கொள்வார். ஊர்ப் பியானோவெல்லாம் அலறுகிறது என்றால் சரியாக இருப்பது எங்கள் வீட்டுப் பியானோ. எங்கள் வீட்டுப் பியானோ தொங்கிக் கிடக்கிறது என்றால் சரியாக இருப்பது ஊர்ப் பியானோ. இரண்டுக்குமாக ஒரே மனிதர் எப்படித் திட்டு வாங்க முடியும் என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை. குடும்பத்தில் திட்டு வாங்குகிறவர் என்று ஒருவர் அமைந்துவிட்டால் இந்தக் கணக்கையெல்லாம் யார் பார்ப்பது?

வருஷத்துக்கு ஒருமுறை அத்தை அக்கா வீட்டுக்குப் போய்ச் சில நாள் தங்குவார். அப்படி ஒருமுறை நான் சீக்கிரம் வீடு திரும்பியபோது, மாமா எங்கள் பியானோவின் பலகையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே தலையை விட்டுக்கொண்டிருந்தார். திருதிருவென்று விழித்தார். "தூசி தட்டறேன்மா" என்றார். கையில் தூசித் துணி இல்லை, சாவிதான் இருந்தது. நான் கண்டுகொள்ளவில்லை. சொந்தப் பியானோவைக் கவனிப்பதற்குக்கூட வெட்கப்படுகிறார், வீம்பு என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வருஷம் நாலாவது ஓய்வு என்று அத்தை தீர்மானமாக அறிவித்தார். மாமாவின் தோள்பட்டை சாவியைத் திருப்பித் திருப்பித் தேய்ந்துவிட்டது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அத்தையின் அக்காவுக்கு ஐம்பதாவது கல்யாண நாள் வந்தது. விருந்தை நம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், அதே விருந்தில் மாமாவின் ஓய்வையும் கொண்டாடிவிடலாம், ஒரே கேக்கில் இரண்டும் முடிந்துவிடும். அத்தை பாடுவார், சித்தி மகன் கூடவே குழல் ஊதுவான். சாவி, கம்பிகளை அடைக்கும் ஆப்பு, நாடா எல்லாவற்றையும் அன்றைக்கே யாருக்காவது கொடுத்துவிட வேண்டும்.

"சாவி மட்டும் இருக்கட்டுமே" என்றார் மாமா.

"எதுக்கு? முதுகு சொறியவா?" என்றார் அத்தை.

குழலோடு சேர வேண்டும் என்றால் பியானோ சரியான சுருதிக்கு வர வேண்டும் என்று பையன் சொல்லிவிட்டான். மாமாவிடம் கேட்டால் நாளைக்கு, நாளன்றைக்கு என்று நழுவினார். அத்தைக்குப் பொறுமை போய்விட்டது. நானும் மாமாவும் தொடர்ந்து இரண்டு நாள் ஒரு பள்ளிக்கூடத்து வேலைக்குப் போன சமயம் பார்த்து, யாரிடமும் சொல்லாமல், வேறு ஒரு சுருதிக்காரரைப் போன் போட்டு வரவழைத்துவிட்டார். வேலை முடியும்வரை தொடக்கூடாது என்று நடுவில் ஒரு காலை பாடவும் இல்லை. ஓய்வு பெறுகிறவருக்கு வீட்டில் காத்திருக்கும் பரிசு, கூடவே ஒரு குத்தலும்.

இரண்டாம் நாள் நாங்கள் வீடு திரும்பியபோது கூடத்தில் ஒரு நாற்பது வயதுப் பெண்மணி பையை மூடிக்கொண்டிருந்தார். ஸ்கூட்டரில் வந்தவர், ஹெல்மெட் பியானோமேல் இருந்தது. பெயரைச் சொன்னார், எனக்கு மனதில் நிற்கவில்லை. எனக்கு அவர் அன்றிலிருந்து ஹெல்மெட் அம்மா. மாமாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"சார்! இது உங்க வீடுன்னு எனக்குத் தெரியாதே. ரொம்பக் கீழ இருந்துது சார். ஒரேயடியா இழுத்தா கம்பி அறுந்துடும்னு நேத்துப் பாதி, இன்னைக்குப் பாதியா மேல கொண்டுவந்துட்டேன். ஆனா ஒண்ணு புரியல சார். இவ்வளவு கீழ இருந்தும் ஒரு கம்பிகூட முன்னப்பின்ன இல்ல. எல்லாம் ஒண்ணுக்கொண்ணு அப்படியே சேர்ந்து..."

"டீ குடிச்சீங்களாம்மா?" என்றார் மாமா.

"குடிச்சேன் சார். நான் என்ன சொல்றேன்னா, தானா தொங்கின மாதிரி இல்ல, யாரோ வேணும்னே..."

"இன்னொரு டீ குடிங்க" என்றார் மாமா. அவர் முகத்தில் ஈயாடவில்லை. அந்த அம்மா அவரைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், பேச்சை நிறுத்திக்கொண்டு இன்னொரு டீ குடித்தார்.

மறுநாள் காலை அத்தை தலையை உலர்த்திக்கொண்டே வந்து உட்கார்ந்தார். முதல் வரி, இரண்டாவது வரி. மூன்றாவது வரியில் ஏணி பாதியில் நின்றுவிட்டது. குரல் உடைந்தது. அத்தை இருமினார், தண்ணீர் குடித்தார், திரும்ப ஆரம்பித்தார். திரும்ப அதே இடத்தில் உடைந்தது. "ராத்திரி ஃபேன் வேகமா ஓடியிருக்கு" என்று எழுந்துவிட்டார். அடுத்த நாள் வெந்நீர், மிளகு, கழுத்தில் துணி. அதற்கடுத்த நாள் ரொம்ப மெதுவாக, யாருக்கும் கேட்காதபடி பாடிப் பார்த்தார். பிறகு மூடியை இறக்கினார். அந்தச் சத்தம் எனக்குக்கூடக் கேட்டது.

அன்று மாலை அக்காவிடம் போனில் பேசினார். "நான் பாடலக்கா. வயசாயிடுச்சு." இந்த வார்த்தையை அத்தை வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. வலிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே நாற்காலியின் கையை இறுகப் பிடிக்கும் நோயாளிகளைத் தினமும் பார்க்கிறேன். அத்தையின் கை போன் வயரை அப்படித்தான் பிடித்திருந்தது. அடுத்தடுத்த நாட்களில் கடைக்கு என்னை அனுப்பினார். மாடிக்குப் போகவில்லை. என் சாம்பார் நன்றாக இருக்கிறது என்றார். எனக்குப் பயம் வந்துவிட்டது.

மாமாவைக் காரில் ஏற்றிக்கொண்டு, ஒரு மரத்தடியில் நிறுத்தி, கதவைப் பூட்டினேன். "மாமா, அன்னைக்குத் தூசி தட்டினீங்களே, அது என்ன தூசி? எனக்கே காது குத்தாதீங்க."

மாமா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். தனக்கு அறுபது தாண்டிய சமயம், ஒருநாள் காலை அத்தையின் குரல் அந்த இடத்தில் உடைந்திருக்கிறது. அத்தை குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதிருக்கிறார். "குழாய்ச் சத்தத்துல எனக்குக் கேட்காதுன்னு நினைச்சுட்டா" என்றார் மாமா. அந்த வாரமே அத்தை ஊரில் இல்லாதபோது பியானோ முழுவதையும் மயிரிழை கீழே இறக்கியிருக்கிறார். அத்தை திரும்பி வந்து பாடினார், எட்டியது. தொண்டை சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டார். மறுவருஷம் இன்னொரு மயிரிழை. அத்தையின் குரல் இறங்க இறங்க, பியானோவும் சத்தமில்லாமல் கூடவே இறங்கி வந்திருக்கிறது.

"அதனாலதான் ரிட்டயர் ஆகமாட்டேன்னீங்களா?"

"அது மட்டும் இல்லம்மா. வீட்டுல உட்கார்ந்தா போரடிக்குமே. நாலு வீடு போனா நாலு டீ கிடைக்கும்" என்றார். பிறகு, "சாவியைக் குடுத்துட்டா யார் இறக்குவா? வேலைக்குப் போனாத்தானே கை பழக்கத்துல இருக்கும்" என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது, ஓங்கி ஒன்று வைக்கவும் வேண்டும்போல் இருந்தது. "அத்தைகிட்ட சொல்லிடுங்க மாமா" என்றேன்.

"எப்படிச் சொல்றது? உன் குரல் எப்பவோ இறங்கிடுச்சு, நான்தான் பூசி மெழுகிட்டு இருந்தேன்னா?"

கடைசியில் மாமா சொன்னது வேறு. வீட்டுக்கு வந்தவர் அத்தைக்கு எதிரே உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, வாழ்நாளில் சொல்லாத ஒன்றைச் சொன்னார். "உன் குரலுக்கு ஒண்ணும் ஆகல. அந்த அம்மாதான் தப்பாப் பண்ணிட்டாங்க. ரொம்ப மேல இழுத்துட்டாங்க. நான் சரி பண்ணிடறேன்."

அத்தைக்கு முகத்தில் இரத்தம் திரும்பியது. நிமிர்ந்து உட்கார்ந்தார். சந்தோஷம் வந்த அதே வேகத்தில் கோபமும் வந்தது. மாமா தடுப்பதற்குள் போனை எடுத்து, ஹெல்மெட் அம்மாவை ஒரு பிடி பிடித்துவிட்டார். தொழில் தெரியுமா, காது இருக்கிறதா, கம்பியை இழுத்துக் கட்ட இது என்ன கொடிக்கயிறா? மாமா ஓரமாக நின்று, ஒவ்வொரு கேள்விக்கும் தன்னை யாரோ அடிப்பதுபோல் நெளிந்தார்.

அந்த அம்மா போனை வைத்துவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரே வந்துவிட்டார். எள்ளும் கொள்ளும் வெடித்தது முகத்தில். ஹெல்மெட்டைக் கழற்றினார், பையிலிருந்து டியூனிங் ஃபோர்க், அதாவது இசைக்கவையை எடுத்தார். இரண்டு கால் உள்ள சின்ன இரும்பு, முழங்காலில் தட்டினால் ஒரே ஒரு சுரத்தைச் சொல்லும், வேறு எதுவும் சொல்லத் தெரியாது. தட்டி, பியானோ மரத்தின்மேல் நிறுத்தினார். கூடம் முழுவதும் ரீங்காரம். அந்தச் சுரத்துக்கான கட்டையை அழுத்தினார். இரண்டும் ஒன்று. சுரம் தெரியாத எனக்கே தெரிந்தது.

"நீங்களே கேளுங்கம்மா. தப்பு எங்க இருக்கு?"

அத்தை கேட்டார். அவருக்கு நல்ல காது. மெதுவாக மாமாவின் பக்கம் திரும்பினார். "என்னங்க? இவங்க பண்ணினது தப்புன்னீங்களே. ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?"

மாமா பியானோமேல் இல்லாத தூசியைத் தட்டினார். ஹெல்மெட் அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தையின் கழுத்தில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார், திறந்து கிடந்த பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். வேணும்னே யாரோ இறக்கியிருக்கிறார்கள் என்று முதலில் கண்டுபிடித்தவர் அவர்தானே. யார், எதற்காக என்பதும் அந்த நிமிஷத்தில் பிடிபட்டிருக்க வேண்டும். அவர் முகத்திலிருந்த கோபம் வடிந்தது.

"இல்லம்மா... இருங்க" என்றார். "இந்த ஃபோர்க் பழசு. கீழ விழுந்துது ஒருநாள். தப்பாக் காட்டுதுன்னு நினைக்கிறேன். என் தப்புதான். சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

சும்மா ஒப்புக்கொண்டிருக்கலாம் மாமா. கிழவருக்கு வழி திறந்து வைத்து, கதவையும் பிடித்துக்கொண்டு நிற்கிறார் அந்த அம்மா. ஓர் "ஆமாம்" சொன்னால் போதும். ஆனால் இந்த மனிதரால் அதைத் தாங்க முடியவில்லை. சரியாக வேலை செய்த ஒருவர், தன் வேலையையும் தன் ஃபோர்க்கையும் தானே பழிக்கிறார், அதுவும் இவர் சொன்ன ஒரு பொய்யைக் காப்பாற்ற.

"இல்லம்மா. உங்க ஃபோர்க் சரி. நீங்க பண்ணினது நல்ல வேலை" என்றார் மாமா. அப்புறம் அத்தையைப் பார்த்தார். "நான்தான் இறக்கினேன். வருஷா வருஷம்."

அத்தை கழுத்துத் துணியை அவிழ்த்தார், மடித்தார், மடியில் வைத்துக்கொண்டார். "எப்போலேர்ந்து?"

"நீ குழாயைத் திறந்து வச்சிட்டு அழுதியே, அப்போலேர்ந்து."

அத்தை எழுந்து சமையலறைக்குப் போனார். பாத்திரங்கள் இடிபட்டன. நாங்கள் மூவரும் கூடத்தில் நின்றோம். எனக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். அத்தை எதையாவது தூக்கி எறிந்தால் தேவலை என்றிருந்தது. அவர் தட்டில் நாலு டீயோடு திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது, வாய் பழைய வாய்தான்.

"அப்போ அக்கா வீட்டுப் பியானோ?"

"அது சரியாத்தான் இருக்கு" என்றார் மாமா.

"பள்ளிக்கூடத்துது?"

"அதுவும் சரி."

"டாக்டர் வீட்டுது? நான் அவங்க முகத்துக்கு நேரா சொன்னேனே, தகரத்தைத் தட்டற மாதிரி இருக்குன்னு."

"அது ரொம்ப நல்ல பியானோ."

"இத்தனை வருஷமும் எல்லாத்துக்கும் நீங்கதான் காரணம்னு திட்டினேனே! வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? கல்லு மாதிரி உட்கார்ந்து வாங்கிக்கிட்டிருந்தீங்களே!"

"திட்டும்போது நீ நல்லா உரக்கப் பேசுவே. குரல் நல்லாத்தான் இருக்குன்னு எனக்கு நிம்மதியா இருக்கும்" என்றார் மாமா.

ஹெல்மெட் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீயை மூக்கில் ஏற்றிக்கொண்டு இருமினார். அத்தை அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார், அப்படியே போனில் பேசியதற்கு மன்னிப்பும் கேட்டுவிட்டார், தட்டுகிற தட்டு கொஞ்சம் பலமாகவே விழுந்தாலும்.

பிறகு அத்தை பியானோ முன் உட்கார்ந்து மூடியைத் திறந்தார். படகுக்காரனைக் கூப்பிடும் அந்த உயரமான கட்டையை மட்டும் ஒரு விரலால் தொட்டார். தன் குரலை அதனிடம் அனுப்பிப் பார்ப்பவர்போல் வாய்க்குள் முனகினார். எட்டவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. இந்த முறை அத்தை இருமவில்லை, ஃபேனைக் குறை சொல்லவில்லை.

"எவ்வளவு வரைக்கும் இறக்கலாம்?" என்று கேட்டார்.

மாமா ஹெல்மெட் அம்மாவைப் பார்த்தார். தொழில் விஷயம் என்பதால் இருவரும் யோசித்தார்கள். "முன்னாடி இருந்த இடம் வரைக்கும் பயமில்ல" என்றார் மாமா. "அதுக்குக் கீழயும் கொஞ்சம் இருக்கு. ரொம்பப் போனா கம்பி தளர்ந்துடும். சத்தம் செத்துடும். அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது."

"சரி. இப்ப என் கண்ணு முன்னாடி இறக்குங்க. நான் ஊருக்குப் போறவரைக்கும் காத்திருக்க வேண்டாம்."

"விருந்துக்குக் குழல்?" என்று நான் நடுவில் மூக்கை நுழைத்தேன்.

"அவன் சாப்பிட்டுட்டுப் போகட்டும்" என்றார் அத்தை. "அப்புறம், அந்தக் கேக்கை அக்காவுக்கு மட்டும் சொல்லு. இவர் எங்கேயும் ரிட்டயர் ஆகல."

பலகையைக் கழற்றினார்கள். தோள்பட்டை மருத்துவரை யாரும் நினைக்கவில்லை. மற்ற கம்பிகளையெல்லாம் பிறகு ஹெல்மெட் அம்மாவும் கூட இருந்து செய்து தருவதாகப் பேச்சு. முதலில் அந்த ஒரு சுரம். அதற்கு மூன்று கம்பிகள், இரண்டை நாடாவால் அடைத்துவிட்டு, மிச்சமிருந்த ஒன்றின் ஆணியில் மாமா சாவியை மாட்டினார். அத்தை கட்டையை அழுத்தினார், பாடினார். உடைந்தது. மாமா மயிரிழை திருப்பினார். அத்தை மறுபடி அழுத்தினார், பாடினார். "இன்னும்" என்றார். திருப்பினார். "இன்னும்." ஹெல்மெட் அம்மா விளக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை இமைக்காமல் நின்றார். நாலைந்து முறை ஆனதும் குரல் கம்பியைத் தொட்டது. நடுங்கிக்கொண்டே தொட்டது, ஆனால் உடையவில்லை. அத்தை கழுத்து நரம்பு புடைக்க அதைப் பிடித்து நிறுத்தினார்.

"போதும்" என்றார்.

மாமா தலையைச் சாய்த்துக் கேட்டார். சாவியிலிருந்து கையை எடுக்கவில்லை. "கஷ்டப்பட்டுப் பாடறே. முன்னாடி இருந்த இடத்துக்கு வர இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு. இறக்கிடட்டுமா?"

"வேண்டாம்" என்றார் அத்தை. "அது அடுத்த வருஷத்துக்கு இருக்கட்டும்."